மடித்த தாளும் சைபர் அடுக்கும்

மாப்ளே,

முத்தியால்பேட்டை வீட்டுவேலை முடிந்ததா? இங்கே மஞ்சக்குப்பத்தில் எல்லோரும் சௌக்கியம், என் மூட்டுவலி உட்பட.

போன வாரம் பேத்தி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அடுக்குக்குறி, அதாவது 2³ என்றால் மூன்று இரண்டுகளைப் பெருக்குவது. அடிமானம், அதாவது கீழே நிற்கும் எண், ஒரே எண்ணாக இருந்தால் பெருக்கலில் அடுக்கைக் கூட்டு, வகுத்தலில் கழி என்று நாமும் மந்திரம் மாதிரி ஒப்பித்தோமே, எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டிருப்போமா? இவள் 2³ + 2⁴ = 2⁷ என்று எழுதியிருந்தாள். எட்டும் பதினாறும் 24, ஆனால் 2⁷ என்பது 128. அந்த விதி பெருக்கலுக்கு மட்டும்தான் என்றால் முகத்தைச் சுளிக்கிறாள். சரி என்று காசுக்கணக்கில் இறங்கினேன். லட்சத்தில் ஐந்து பத்து, நூறில் இரண்டு பத்து, நூறு லட்சம் என்றால் ஏழு பத்தும் வரிசையாக நின்று பெருகி ஒரு கோடி, அதாவது 10⁵ × 10² = 10⁷. கூட்டுவது பத்துகளின் எண்ணிக்கையைத்தான். ஆயிரம் ஆயிரம் பத்து லட்சம் என்றதும் (10³)² = 10⁶ அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது.

மாட்டிக்கொண்டது 5⁰ = 1-ல். "அஞ்சே இல்லாதபோது சைபர்தானே வரணும் தாத்தா?" நியாயமான கேள்வி. 5³ ÷ 5³, அடுக்கைக் கழித்தால் 5⁰, 125ஐ 125ஆல் வகுத்தால் 1 என்று காட்டினேன், ஏதோ ஏமாற்றுவேலை மாதிரி பார்த்தாள். அந்த நேரம் கரண்ட் போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து பழைய பேப்பர் ஒன்றை மடித்தோம். ஒரு மடிப்பில் இரண்டு தாள் கனம், இரண்டு மடிப்பில் நான்கு, மூன்றில் எட்டு. மடிக்கவே இல்லை என்றால்? "ஒண்ணு" என்றவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

பிரித்து விரித்தபோதுதான் எனக்கே உறைத்தது. மூன்று மடிப்புக்குத் தாளில் எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் அரைக்கால் பங்கு, அதுதான் 2⁻³! அடுக்கு ஒவ்வொன்றாகக் குறையக் குறைய நான்கு, இரண்டு, ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குகிறது. எங்கள் ஆயா பள்ளிக்கூடம் போகாமலே 2⁻⁴ வரைக்கும் வாயில் வைத்திருந்திருக்கிறது பார்.

இப்போது சைபருக்குச் சைபர் அடுக்கு எவ்வளவு என்று கேட்கிறாள். வகுத்துக் காட்டப் போனால் சைபரைச் சைபரால் வகுக்க வேண்டியிருக்கிறது, அங்கே என் வண்டி நின்றுவிட்டது. நீதானே பி.எஸ்சி. கணக்கு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து பதில் சொல், சாயங்காலம் மூன்று பேருமாக சில்வர் பீச் போவோம். வரும்போது பழைய பேப்பர் கொஞ்சம் எடுத்துவா, இங்கே இருந்ததையெல்லாம் மடித்தே தீர்த்துவிட்டாள்.

உன்
கடைசி பெஞ்சுக் கூட்டாளி