ஐந்தரை மணிப் பூசைக்கு வரும் ஒன்பது பேரில் ஒருத்தி எழுதுவது

பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் பங்குத்தந்தை அவர்களுக்கும் தோத்திரம்.

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து அறிவிப்பு வாசித்தீர்கள். வார நாட்களில் காலை ஐந்தரை மணிப் பூசையை வைத்துக்கொள்வதா, நிறுத்திவிடுவதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யப்போவதாகச் சொன்னீர்கள். ஒன்பது பேர்தான் வருகிறார்கள். உதவிப் பங்குத்தந்தை மாற்றலாகிப் போனதிலிருந்து ஃபாதர் ஒருவரே கோயிலையும் ஐந்து கிளைக்கிராமங்களையும் பார்க்கிறார். கரண்ட் பில் வேறு. எல்லாம் உண்மைதான். அதே மூச்சில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தில் ‘மகிழ்ச்சி இரவு’ நடத்தப்போகிறோம், மேடை, எல்.இ.டி. திரை, வெளியூர் இசைக்குழு; குடும்பத்துக்கு இவ்வளவு என்று அன்பியம்வாரியாக (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவாரியாக) வசூல். கோயிலுக்கு வருகிறவர்கள் சந்தோஷமாகத் திரும்பிப் போக வேண்டும் என்றார் செயலர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து தோசைக்கு மாவு கரைக்கும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது.

அந்த ஒன்பதில் நான் ஒருத்தி. அங்கன்வாடியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் நடுங்கும், எழுத்தில் நடுங்காது. அதனால்தான் இந்த மடல். இசை விழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பிள்ளைகள் கிட்டார் வாசிக்கட்டும். ஆனால் மகிழ்ச்சியைக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிக்கொண்டே, அது ஏற்கெனவே இருக்கிற இடத்தைப் பூட்டப் பார்க்கிறீர்கள்.

நான் அந்தப் பூசைக்குப் பக்தியால் வந்தவள் இல்லை. குடத்தால் வந்தவள்.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்த காலம். பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. (2019இல் எங்கள் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் ஏற்றிப் போனார்களே, அதை டிவியில் பார்த்தபோது எங்களுக்கெல்லாம் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.) அப்போது இருந்த பங்குச்சாமி, கோயில் போர்வெல் குழாயைக் காலை ஐந்திலிருந்து ஆறேகால் வரை ஊருக்கே திறந்துவிட்டார். யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று பார்க்கவில்லை. நாலே முக்காலுக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். என்னுடையது பச்சைக் குடம், அடையாளத்துக்குக் கழுத்தில் நைலான் கயிறு கட்டியிருப்பேன். முறை வர முக்கால் மணி நேரம் ஆகும். வெளியே நின்றால் கொசு பிடுங்கும், உள்ளே ஃபேன் ஓடும். அதனால் உள்ளே போய் உட்கார்ந்தேன். வேதத்தில் பவுல் மனம் மாறியது தமஸ்கு போகும் வழியில், நான் குடத்து வரிசையில்.

உட்கார்ந்தவள் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல மாதம் அப்படித்தான். பிறகு ஒருநாள் பூசையில் வாசகம் (அன்றைக்கான வேதப் பகுதி) வாசிக்க ஆள் இல்லை. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ‘தெசலோனிக்கருக்கு’ என்ற வார்த்தையில் மூன்று முறை தடுக்கி விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆளும் இல்லை. அன்றிலிருந்து வாசகப் புத்தகத்தில் நாடா வைப்பது என் வேலையானது. ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்று, வார நாட்களின் முதல் வாசகம் இரண்டு வருடச் சுற்று என்பதெல்லாம் எனக்கு மறைக்கல்வி வகுப்பில் தெரியவில்லை, நாடாவை நகர்த்தி நகர்த்தித்தான் தெரிந்தது. பெரிய விழாக்காலங்கள் இல்லாத பொதுக்காலத்தில் முதலில் மாற்கு, அப்புறம் மத்தேயு, அப்புறம் லூக்கா என்று நற்செய்தி நகர்ந்து வரும். மாற்கு முடிந்து மத்தேயு தொடங்கினால் எங்கள் ஊரில் மாங்காய் முடியப்போகிறது என்று அர்த்தம். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேதத்தை இப்படி வரிசையாக யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

இப்போது ஒரு சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில்லாமல் இந்த மடலுக்கு அர்த்தமில்லை.

2008, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். பூசை முடிந்து வெளியே வந்தால் என் பச்சைக் குடம் வரிசைக் கடைசியில் கிடக்கிறது. அது நின்ற இடத்தில் எதிர்வீட்டு அக்காவின் பித்தளைக் குடம். அவரும் நம் பங்குதான், பெயர் வேண்டாம். “உள்ள போய் ஃபேன் காத்து வாங்கிட்டு வர்றவளுக்கு வரிசை ஒரு கேடா?” என்றார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. நற்கருணை வாங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. வீம்புக்கோ என்னவோ, மறு வாரத்திலிருந்து அவரும் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார். நான் இடது பக்கப் பெஞ்சு என்றால் அவர் வலது பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கவலை இல்லை. ‘ஒருவருக்கொருவர் சமாதானம் அறிவித்துக்கொள்வோம்’ என்றதும் அறுநூறு பேரில் பிடித்த நாலு பேரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம். ஒன்பது பேரில் அது நடக்காது. இந்தப் பக்கம் திரும்பினால் தூண், அந்தப் பக்கம் திரும்பினால் அவர். இரண்டு வருடம், வாரத்துக்கு ஆறு நாள், அவர் நெற்றிக்கு மேலே இருக்கிற சிலுவைப்பாதைப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். ஏழாம் தலம் என்று நினைக்கிறேன், இயேசு சிலுவையோடு இரண்டாம் முறை விழுவது. அவர் என் தலைக்கு மேல் எதைப் பார்த்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போனது. தோல் கம்பெனியில் வேலை பார்த்த மனிதர். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கையில் ஊசி குத்தும் இடம் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று. தண்ணீருக்காக விடியலில் வரிசையில் நிற்கிறவள் நான். வீட்டில் ஒரு மனிதர் இன்னொரு வாய் தண்ணீருக்குக் கெஞ்சுகிறார். எனக்குச் சாமியிடம் கோபம். செபமாலை கையில் இருக்கும், வாய் அசையாது. ஆனாலும் போனேன். சாமியிடம்தான் கோபம், குடத்திடம் இல்லையே.

2010 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்பு. தேதி எப்படி ஞாபகம் என்றால், அன்று வேதத்தில் யாக்கோபு திருமுகம், அதாவது அவர் எழுதிய கடிதம், ஆரம்பம். வாசிக்கப் போனேன். பலவகைச் சோதனைகள் வரும்போது மகிழ்ச்சியால் நிறைந்திருங்கள், அதிலிருந்து மனவுறுதி பிறக்கும் என்கிற பகுதி. முதல் வரியைப் படித்தேன், இரண்டாவது வரியில் தொண்டை அடைத்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். எந்த வீட்டில் உட்கார்ந்து இதை எழுதினார் இந்த மனிதர் என்று. புத்தகத்தை மூடிவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஃபாதர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். செருப்பில்லாத கால் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்கா. பக்கத்தில் வந்து நின்றார், என்னைப் பார்க்கவில்லை, விரலை வரியில் வைத்து விட்ட இடத்திலிருந்து படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று முடித்துவிட்டு இரண்டு பேரும் இறங்கினோம்.

அன்றைய நற்செய்தி மாற்கு: பரிசேயர் வந்து அடையாளம் கேட்கிறார்கள், இயேசு பெருமூச்சு விடுகிறார், அடையாளம் தராமல் படகேறிப் போய்விடுகிறார். எனக்கும் அடையாளம் எதுவும் வரவில்லை. வீட்டுக்காரர் குணமாகவில்லை, அடுத்த வருடம் போய்விட்டார். எதிர்வீட்டு அக்காவும் நானும் அன்றைக்கே கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை; அந்த வாரமே மறுபடி குடத்துக்கு முறைத்துக்கொண்டோம். ஆனால் சமாதானம் சொல்லும்போது ஏழாம் தலத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. என் வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள் அக்கா கதவைத் தட்டி, “நாளைக்கு வாசகம் உன்னுது, மறந்துடாத” என்றுவிட்டுப் போனார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அது போதுமாக இருந்தது. இன்றைக்குக் குடம் இல்லை, வீட்டுக்கே குழாய் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் வருகிறோம்.

நீங்கள் மேடை போட்டுத் தேடுகிற மகிழ்ச்சி இதுதான் என்று நான் சொல்கிறேன். பூசை நடக்கும்போது மனசு குதிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் தோன்றாது, முட்டி வலிதான் தோன்றும். ஆனால் ஒருநாள் வராவிட்டால் எட்டுப் பேருக்குத் தெரிந்துவிடும். ஆறு மணிக்கு வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது மலைமேல் வெயில் விழும். நாளைக்கும் இதே ஆட்கள் இதே இடத்தில் இருப்பார்கள் என்று தெரியும். அந்த நினைப்பு நாள் முழுக்க உள்ளே கணகணவென்று கிடக்கும். இதைத் திருவிழாவில் நான் அனுபவித்ததில்லை. கொடியேற்றம், தேர்பவனி எல்லாம் எனக்கும் பிடிக்கும். தேர் திரும்பி வந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

கொரோனாவில் கோயில் மூடியபோது நாங்களும் மாதா டிவியில்தான் பூசை பார்த்தோம். 2020 செப்டம்பரில் திறந்ததும் முதல் நாள் காலை ஏழு பேர் வந்தோம். ஒன்பது பேராக இருந்தவர்கள். இருவரின் பெஞ்சிலும் வேறு யாரும் உட்காரவில்லை, ரொம்ப நாளைக்கு. அப்புறம் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு பெண் வந்தாள், வேன் வரும்வரை. அவளும் பக்தியால் வரவில்லை, வேனால் வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அவள்தான் மணி அடிக்கிறாள்.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். ஃபாதருடைய களைப்பு எனக்குத் தெரியும். ஒரு குரு சாதாரணமாக நாளைக்கு ஒரு பூசைதான் வைக்கலாம், ஆள் பற்றாக்குறை என்றால் ஆயர் அனுமதியோடு இரண்டு என்றுதான் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. சாயங்காலம் கிராமத்துப் பூசைக்குப் பைக்கில் போய்விட்டு இரவு ஒன்பதரைக்குத் திரும்புகிறவரை விடியலில் எழுப்புவது பாவம்தான். அதே சட்டத்தில் 536ஆம் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். பேரவை ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. நீங்கள் ஓட்டெடுத்துப் பூசையை நிறுத்த முடியாது; முடிவு ஃபாதருடையது. குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நல்ல ஆலோசனையாகச் சொல்லுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்யலாம். கிராமத்துக்குப் போய் வந்த மறுநாள் ஃபாதர் தூங்கட்டும். வாரத்தில் இரண்டோ மூன்றோ நாள் பூசை போதும். மற்ற நாட்களில் நாங்களே காலைச் செபம் சொல்லி, அன்றைய வாசகத்தைப் படித்துக்கொள்கிறோம். செபத்தை நடத்த உபதேசியார் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடக்கும். எங்களுக்கு வேண்டியது ஐந்தரைக்குக் கதவு திறந்திருப்பது. ஆறு ஃபேனில் ஒன்று போதும், ஒன்பது பேரும் அதற்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறோம். (எதிர்வீட்டு அக்கா ஒத்துக்கொள்வாரா என்று கேட்க வேண்டும்.) கரண்ட் பில்லில் எங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொன்னால் கட்டிவிடுகிறோம்.

ஒன்பது என்ற எண்ணைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கியதையும் பார்த்தேன். நாம் வருடாவருடம் பஸ் பிடித்துப் போகிறோமே, சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில், அதைக் கட்டிய தாரஸ் சாமியார் பிரான்சிலிருந்து வந்து இந்த வட ஆற்காட்டுக் கிராமங்களிலேயே தன் ஆயுசைக் கழித்தவர். அவர் வந்தபோது எத்தனை பேர் வரிசையில் நின்று வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

‘மகிழ்ச்சி இரவு’ திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறன்று என்றீர்கள். பொருத்தமான நாள்தான். மகிழுங்கள் என்று திருச்சபை சொல்கிற ஞாயிறு, ஃபாதர் ரோஜா நிற உடை போடும் நாள். ஆனால் அந்த ஞாயிற்றைக் காத்திருக்கும் காலத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஊதா உடைதான். அந்த ஊதா நாட்களின் விடியலில் வந்து உட்காரப் பத்து இளைஞர்களைத் தயார் செய்யுங்கள், அன்பியத்துக்கு ஒரு வாரம் மணி அடிக்கும் முறை போடுங்கள். மேடைக்கு நானும் என் பங்கைத் தருகிறேன்.

கூட்டம் அடுத்த ஞாயிறு என்று கேள்விப்பட்டேன். அதற்குள் ஒருநாள், ஒரே ஒருநாள், காலையில் வந்து பாருங்கள். ஐந்தேகாலுக்கு முதல் மணி. முன்கதவு அந்நேரம் திறக்காது. கெபி (குகை மாதிரி கட்டிய சிறு கோயில்) பக்கமாகச் சுற்றி வந்தால் சின்னக் கதவு இருக்கிறது, தள்ளினால் திறக்கும், கொஞ்சம் முனகும். இடது பக்கம் மூன்றாவது பெஞ்சு மட்டும் என்னுடையது. மற்றபடி எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள், இடம் நிறைய இருக்கிறது.