உள்ளங்கைக்குள் அடங்கும் சிலை: அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் கட்புலக் கலை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் இங்கே ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். போன தவணை தரம் 10 பிள்ளைகளிடம் ஆதிமனிதர் கல்லில் செதுக்கிய வில்லென்டோர்ஃப் பெண் சிலையின் படத்தைக் காட்டி, இது எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டேன். "கோயில் வாசல் துவாரபாலகர் அளவு, டீச்சர்" என்றான் ஒருவன். உண்மையில் அது 11 சென்ரிமீற்றர்தான்.

அடுத்த பாடவேளைக்குக் களிமண் கொண்டுபோய், அதே அளவில் செய்யச் சொன்னேன். செய்த சிலை ஒன்றுகூட நிற்கவில்லை, எல்லாம் சரிந்து விழுந்தன. அந்தச் சிலைக்குப் பாதம் இல்லை. "அப்ப இது நிப்பாட்டி வைக்கிறதுக்கு இல்ல டீச்சர், கையில வச்சிருக்கத்தான்" என்றாள் பின்வாங்கில் இருந்த ஒருத்தி. நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. படம் பார்த்து வராத அறிவு, மண்ணைத் தொட்டதும் வந்தது.

இந்தச் சிலை 1908இல் ஆஸ்திரியாவில் கிடைத்தது. வயது ஏறத்தாழ 30,000 ஆண்டு. அண்மையில் வியன்னா ஆய்வாளர்கள் அதைக் கீறாமல் உடைக்காமல் நுண் சி.டி. ஸ்கேன் செய்து உள்ளே பார்த்தார்கள். கல்லுக்குள் இருக்கும் சிறு மணித்துகள்களையும் உள்ளே புதைந்திருந்த சிப்பித் துண்டையும் பல இடத்துக் கற்களோடு ஒப்பிட்டார்கள். மிக நெருங்கிப் பொருந்தியது வட இத்தாலியின் கார்டா ஏரிப் பக்கத்துக் கல். ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப்பக்கம்! 2022இல் இதை வெளியிட்டார்கள். தொப்புள் குழிகூட, செதுக்கும்போது இரும்புத்தாதுக் குருணி ஒன்று பெயர்ந்து விழுந்த இடமாம். செதுக்கியவர் அதையே தொப்புளாக்கிக்கொண்டார்.

செக் நாட்டில் 1925இல் கிடைத்த இன்னொரு பழைய சுட்ட களிமண் சிலையின் முதுகில் ஒரு பிள்ளையின் விரல்ரேகை பதிந்திருக்கிறது. சுடுவதற்கு முன் தொட்டிருக்கிறது. காயாத சட்டியில் கைவைத்து ஏச்சு வாங்கிய பிள்ளைகள் எங்கள் ஊரிலும் உண்டு. இதைச் சொன்னபோது வகுப்பு முழுவதும் தன் விரலைப் பார்த்தது.

நான் கேட்பது இதுதான். இப்படியான சிலைகளின் படிகளை, அதாவது நகல்களை, உண்மை அளவில் செய்து, ஒரு பெட்டியில் வைத்து, பாடசாலைகளுக்கு இரவல் தாருங்கள். வாகரைக்கும் படுவான்கரைக்கும் திருக்கோவிலுக்கும் அது போகட்டும். அருங்காட்சியகங்கள் பல முப்பரிமாணக் கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. அவற்றை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட பிளாஸ்டிக்கோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது பாரமில்லாமல் பொம்மை போல் இருக்கும். அதிலிருந்து அச்சு எடுத்து, கல்தூள் கலந்து வார்த்தால் கையில் கனம் தெரியும். வில்லென்டோர்ஃப் மூலச் சிலையில் செங்காவியின் தடம் இருக்கிறது, அதையும் பூசுங்கள். அப்புறம், அடியில் 'படி' என்று ஆண்டோடு பொறித்துவிடுங்கள். நாளைக்கு யாரும் பழம்பொருள் என்று விற்கக்கூடாது.

உங்கள் மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஜேர்மனியில் கிடைத்த, சிங்கத் தலையும் மனித உடலும் கொண்ட பழைய 'சிங்க மனிதன்' சிலையைக் கல்லாலான உளி கொண்டே தந்தத்தில் மறுபடி செதுக்கிப் பார்த்தவருக்கு 300 மணிநேரத்துக்கு மேல் பிடித்தது. ஸ்கேன் வடிவத்தைத் தரும், அந்த உழைப்பைத் தராது. ஒரு சிறு துண்டையாவது அவர்கள் அப்படிச் செதுக்கிப் பார்க்கட்டும்.

என் வகுப்பில் பார்வை மிகக் குறைந்த பையன் ஒருவன் இருக்கிறான். சித்திர பாடத்தில் அவனுக்கு நான் இதுவரை கொடுத்தது வாய்ச்சொல் மட்டும்தான். பெட்டி வந்தால் முதல் சிலை அவன் கைக்குப் போகும். வார்ப்பு வேலைக்கு ஆள் தேவையென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். களிமண்ணும் கொண்டுவருவேன்.

அன்புடன்,
ஒரு சித்திர ஆசிரியை