வடிவும் என் முழங்கால் எக்ஸ்ரேயும்

பாளையங்கோட்டை,
ஆடி 5.

அன்புள்ள ஆறுமுகத்துக்கு,

உம்ம கடிதாசி போன வாரமே வந்துட்டு. பதில் எழுத நாளாயிட்டு, கோவிச்சுக்கிடாதேயும். ஆனித் தேருக்கு இந்த வருசம் நான் போகலை. டவுன் வரைக்கும் பஸ்ல போயி, அந்தக் கூட்டத்துல நிக்க முழங்கால் விடலை. இப்ப மேகாத்து போட்டு அடிக்கு. குத்தாலத்துல ஐந்தருவியில நல்லா விழுதுன்னு எதுத்த வீட்டுப் பையன் குளிச்சிட்டு வந்து சொல்லுதான். நமக்கு இங்க சாரலும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறுங்காத்துதான். கொடியில போட்ட வேட்டி ரெண்டு அடுத்த வளவுக்குப் போயிட்டு, ஒண்ணுதான் திரும்பி வந்துது.

அது கிடக்கட்டும். கடைசிப் பக்கத்துல நாலு வரி எழுதியிருந்தீரு பாரும், மதினி வளக்குற பூனைக்கு மாருல கட்டி, வர்ற மாசம் பொறந்ததும் ஆபரேஷன்னு. அதுக்குக் கீழேயே "பூனைதானவே, நக்கி நக்கியே ஆத்திக்கிடும்"ன்னும் எழுதியிருக்கீரு. அந்த வரியைப் படிச்சிட்டு நானும் உம்ம தங்கச்சியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இதே வார்த்தையை ஒன்றரை மாசத்துக்கு முன்னால நான் இந்தப் பட்டாசல்ல உக்காந்து சொல்லியிருக்கேன். அதுக்கு எங்க வடிவு பட்ட பாட்டை எழுதுதேன், கேளும்.

வடிவை உமக்குத் தெரியாது. மூணு நிறத்துக்காரி, மூணு வருசமா எங்க கிட்டதான் கிடக்கா. ரெண்டு ஈத்து புறவாசல்ல விறகுக்குப் பின்னால போட்டா, நாங்க ஒண்ணும் சொல்லலை. மூணாவது ஈத்தை உம்ம தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய்க்குள்ள, சுருட்டி வச்சிருந்த இடத்துல போட்டா. அன்னைக்கே வீட்டுல தீர்மானம் ஆயிட்டு. குட்டிகளெல்லாம் பால்குடி மறந்து ஆளுக்கொரு வீடு போனதும், வைகாசிக் கடைசியில கருப்பையை எடுக்குற ஆபரேஷன். இடது விலாவுக்குப் பின்னால ஒரு அங்குலம்தான் கீறல். உள்ள கரையுற நூலு, வெளிய கருப்பு நைலான்ல மூணு தையல். பத்துப் பன்னெண்டு நாள்ல பிரிச்சிரலாம், அதுவரைக்கும் நாக்கு தையலை எட்டாம கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு போட்டு வையுங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்புனாரு.

கூம்பு போட்ட பூனையைப் பாத்திருக்கீரா? அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வரும். நிலைப்படியில இடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பா. பின்னாலயே நடந்து கழட்டப் பாப்பா. கிண்ணத்துல பால் வச்சா கூம்பு விளிம்பு தரையில முட்டும், வாய் எட்டாது. மொத நாள் ராத்திரி பூரா டக்கு டக்குன்னு சுவத்துல இடிக்கிற சத்தம். எங்க ரெண்டு பேருக்கும் உறக்கம் இல்ல.

அஞ்சாம் நாள் உம்ம தங்கச்சி ஒரு காதுகுத்துக்கு அம்பாசமுத்திரம் போயிட்டா. மத்தியானம் வடிவு என் கால்கிட்ட வந்து ஒரு பார்வை பாத்தா பாரும், எனக்குப் பொறுக்கலை. பத்து நிமிசம் மூச்சு விடட்டும்னு கூம்பைக் கழட்டினேன். கழுத்தை மடியில சொறிஞ்சு விட்டேன், கண்ணை மூடிக்கிட்டு கிடந்தா. சாய்வு நாற்காலி, மத்தியானச் சோறு, மேகாத்து. நான் முழிச்சுப் பாத்தப்ப மணி நாலு.

நடுத்தையல் இல்ல. இன்னொரு தையலோட முடிச்சு தனியாத் தொங்குது. தோல் ரெண்டு பக்கமும் விலகி, உள்ள மாதுளம் முத்து நிறத்துல தெரியுது. அவ பாட்டுக்கு அதுக்குள்ளயே நக்கிக்கிட்டு இருக்கா, ரொம்ப நிம்மதியா. என் கை ஆடுன ஆட்டத்துல ஆட்டோக்காரனுக்குப் போன் போடவே மூணு தடவை ஆச்சு.

உள்தையல் பிரியலை, அதனால குடல் தப்பிச்சுது. டாக்டர் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை. வடிவோட வாயைத் திறந்து நாக்கைக் காட்டி, "தொட்டுப் பாருங்க சார்"ன்னாரு. துருவலகத்திப் பல்லைத் தடவுன மாதிரி இருந்துது. நாக்கு பூரா முள்ளு, அத்தனையும் தொண்டைப் பக்கமா வளைஞ்சு நிக்கி. நம்ம நகம் எதனால ஆனதோ அதே சரக்காம். 2018-ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் ஆட்கள் பாத்துச் சொன்னதை அவர்தான் சொன்னாரு: அந்த முள்ளு ஒவ்வொண்ணோட நுனியும் சின்ன அகப்பை மாதிரி குழிஞ்சிருக்கு, எச்சில் அதுல ஏறி முடிக்கு அடியில தோல் வரைக்கும் போகுதுன்னு. அவளுக்குக் குளியல், சீப்பு எல்லாம் அதுதான். ஆனா புண்ணுல புதுசா ஒட்டியிருக்குற சவ்வை ஒவ்வொரு நக்குலயும் துருவி எடுத்துரும். எச்சில்ல கிருமியைத் தடுக்குற சரக்கு கொஞ்சம் இருக்குங்கறதும் நெசம்தானாம், கூடவே பாஸ்டுரெல்லான்னு ஒரு கிருமியும் பூனை வாயில குடியிருக்கு. ஆகக் கூட்டிக் கழிச்சா நட்டம்தான்.

இன்னொண்ணும் சொன்னாரு. 2004-ல நாயையும் பூனையையும் ஒரே மாதிரி கீறித் தைச்சு ஏழாம் நாள் இழுத்துப் பாத்திருக்காங்க. பூனையோட தையல் இடத்துக்கு நாயோடதுல பாதி பலம்தான் இருந்துதாம். வெளியப் பாத்தா ஒட்டுன மாதிரி தெரியும், உள்ள இன்னும் பச்சை. நான் கூம்பைக் கழட்டுனது அஞ்சாம் நாள்.

மறுபடி தைக்கலை. நக்குன புண்ணை மூடித் தைச்சா உள்ள சீழ் கட்டிரும், அடியில இருந்து சதை வளந்து தானா மூடட்டும்னுட்டாரு. அஞ்சு நாளைக்கு ஊசி. தினம் ரெண்டு வேளை சலைன் தண்ணியால கழுவணும். மருந்துக்கடை பாட்டில் தீந்துபோனா, ஒரு லிட்டர் தண்ணியில 9 கிராம் உப்பு போட்டுக் கொதிக்க வச்சு ஆறவிட்டா அதேதான். பஞ்சு ஆகாது, நார் ஒட்டிக்கிடும். வலைத்துணிதான்.

கூம்புல தப்பு என்னன்னும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் வாங்கினது குட்டையானது. மூக்கு நுனியைத் தாண்டி ரெண்டு விரக்கடையாவது வெளிய நிக்கணும், இல்லாட்டா உடம்பை வளைச்சு நாக்கை எட்ட விட்டிரும். கடையில பெரிய அளவு இல்ல. ராத்திரி அலமாரியில தேடிக்கிட்டு இருக்கையில என் முழங்கால் எக்ஸ்ரே கையில அகப்பட்டுது. அதை விசிறி மாதிரி வெட்டி, கழுத்துப் பக்கம் விளிம்புல பஞ்சு வச்சு பிளாஸ்திரி சுத்தி, ரெண்டு விரல் உள்ள போற மாதிரி தளர்வா ஒட்டினேன். பிளாஸ்டிக்கைவிட மெதுவா வளையுது, சுவத்துல இடிச்சாலும் சத்தம் இல்ல. பட்டாசல்ல வெளிச்சத்துக்கு நேரா அவ நடந்தா என் மூட்டு எலும்பு அவ காதுக்குப் பின்னால தெரியும். உம்ம தங்கச்சிக்கு அதைப் பாத்து ஒரு வாரம் சிரிப்பு.

பாலைக் கிண்ணத்துல இருந்து எடுத்து, நாம இட்லி திங்கிற சின்னத் தட்டைக் கவுத்துன செம்பு மேல வச்சு ஊத்தினா, கூம்போடயே குடிக்கிறா. மண்ணுத் தொட்டியை எடுத்துட்டுப் பழைய பேப்பரைக் கிழிச்சுப் போட்டோம், கூம்புல மண்ணை அள்ளிக்கிட்டு வந்து புண்ணு மேல கொட்டுறா. மூஞ்சியைக் கழுவ முடியலையேன்னுதான் அவளுக்குப் பாதிக் கோவம். காலையில ஈரத்துணியால தாடை, காது மடல் எல்லாம் துடைச்சு, பழைய பல் பிரஷ்ஷால வாரிவிட்டா சொக்கிப் போறா. நக்குற ஆசையில பாதி அதுலயே அடங்கிட்டு.

வளவுல எல்லாரும் வைத்தியம் சொன்னாங்க. ஆச்சி மஞ்சளை வேப்பெண்ணையில குழைச்சுக் கொண்டு வந்தா. நமக்குப் போட்டு ஆறுன மருந்துதான், நான் இல்லைங்கலை. ஆனா எதைத் தடவினாலும் அதை நக்கி எடுக்காம அவ உறங்க மாட்டா, அத்தனையும் வயித்துக்குள்ள போகும். டெட்டால் கூடவே கூடாது, பூனைக்கு விசம். நுரைச்சு வருமே பெராக்சைடு, அது புதுச் சதையையே அரிச்சிரும். நான் செய்ய இருந்த பெரிய மடத்தனம் வேற. வலிக்குமேன்னு பாரசிட்டமால்ல கால் துண்டு உடைச்சுப் பால்ல கலந்து வச்சிட்டேன். அன்னைக்குப் பாத்து டாக்டர் போன் போட்டாரு. பூனையோட ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாதாம். ரத்தமே பழுப்பாகி, மூச்சு வாங்கிச் செத்துருமாம், ஒரு மாத்திரையே போதுமாம். தட்டை எடுத்துட்டுப் போயி கழுவிக் கழுவிக் கழுவினேன்.

அப்புறம் ஈ. நுங்குக் கூந்தலும் மாம்பழத் தோலும் தெருவுல கிடந்த நாளு. திறந்த புண்ணுல ஈ முட்டை வச்சா ஒரே நாள்ல புழு வந்துரும். அதனால நம்ம கொசுவலைக்குள்ள அவளை வச்சு, நாங்க வெளிய கடி வாங்கினோம்.

புண்ணு ஆறுறதை நான் இத்தனை வயசுல இவ்வளவு கிட்டத்துல பாத்ததில்லவே. மொத மூணு நாள் ஒண்ணுமே நடக்கலை, குழி குழியாத்தான் கிடந்துது. ஆறாம் நாளு அடியில சின்னச் சின்ன சிவப்பு மணி, தொட்டா ரத்தம் கசியுற மாதிரி. நான் பயந்துட்டேன். அதுதான் நல்ல சதையாம். அது மேல வரைக்கும் நிறைஞ்சதும் ஓரத்துல இருந்து நாலு பக்கமும் வெளிர் ரோஸ் நிறத்துல ஒரு ஏடு, பால்மேல ஆடை படியுற மாதிரி, தினம் ஒரு நூல் அளவு உள்ள வந்துது. மூணு வாரத்துல நடுவுல சந்திச்சுது. இப்ப அந்த இடத்துல வெள்ளை முடி வருதா, கருப்பு வருதான்னு வீட்டுல பந்தயம்.

உம்ம வீட்டு விசயத்துக்கு வாரேன். மாருல கட்டின்னா கீறல் நீளமா இருக்கும், அடிவயிறு வரைக்கும் தையல் போகும். அதுக்குக் கூம்போட ஒரு சட்டையும் வேணும். என் பழைய கை வச்ச பனியன் கையை வெட்டி, நாலு ஓட்டை போட்டு உம்ம தங்கச்சி ரெண்டு தைச்சிருக்கா. போட்ட உடனே செத்த மாதிரி பொத்துனு சாஞ்சு விழும், பயப்படாதேயும், எல்லாப் பூனையும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துல எந்திச்சு நடந்துரும். சட்டை நனைஞ்சா உடனே மாத்தணும். தையல் வீங்கினாலோ, வாடை அடிச்சாலோ, சாப்பாட்டைத் தொடாம ஒரு நாள் கிடந்தாலோ டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டு ஓடும். ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா பூனைக்கு ஈரல்ல கொழுப்பு ஏறிரும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். எடுத்த கட்டியைத் தூரப் போட விடாம சோதனைக்கு அனுப்பச் சொல்லும். பூனைக்கு அங்க வர்ற கட்டி பெரும்பாலும் கெட்ட கட்டியாத்தான் இருக்கும்ங்காரு எங்க டாக்டர். மதினிகிட்ட பைய, பக்குவமாச் சொல்லும்.

பனியன் சட்டை ரெண்டும், எக்ஸ்ரே கூம்பும் பஸ் பார்சல்ல போட்டு விடுதேன். முழங்கால் படம் இன்னொண்ணு மிச்சம் இருக்கு, டாக்டர் கேக்க மாட்டாரு. ஆனா வடிவு ஒல்லிக்காரி. உம்ம பூனை கழுத்துச் சுத்தளவும், கழுத்துல இருந்து மூக்கு நுனி வரைக்கும் நீளமும் நூல் வச்சு அளந்து, மறுதபால்ல எழுதும்.

உம்ம,
சங்கரன்