சித்தப்பா, ரோம்ல ரூம் சின்னதா இருந்தா பரவாயில்ல

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்க வாட்ஸப்ல அனுப்பின ஹோட்டல் லிங்க்க பார்த்தேன். ஃபோட்டோல்லாம் அம்சமா இருக்கு, ஸ்விம்மிங் பூல் இருக்கு, பார்க்கிங் ஃப்ரீ, ரூம்ல கிரிக்கெட்டே ஆடலாம் போல, வாடகையும் கம்மி. எல்லாம் சரி, மேப்ல எங்க இருக்குன்னு பார்த்தீங்களா? ரோமைச் சுத்தி ஒரு ரிங் ரோடு போகுது, கிட்டத்தட்ட 68 கிலோமீட்டர் வட்டம், உங்க ஹோட்டல் அந்த வட்டத்துக்கும் வெளிய இருக்கு. டூர் பேக்கேஜ்காரங்க நிறைய பேர் நம்ம ஆளுங்கள அந்தப் பக்கம்தான் தங்க வைப்பாங்க, ஏன்னா அவங்ககிட்ட பஸ் இருக்கு, காலைல வாசல்ல ஏத்தி ராத்திரி வாசல்ல இறக்கிடுவாங்க. நீங்களும் சித்தியும் பேக்கேஜே வேணாம், சொந்தமா சுத்தறோம்னு கிளம்பறீங்க. அப்ப அது உங்களுக்கு ஆகாது. ஃப்ரீ கேன்சலேஷன்னுதான் போட்டிருக்கு, விசா ஃபாரத்துல தங்கற அட்ரஸ் போடணும், அதனால ஃபாரம் குடுக்கறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க.

இதே கேள்விய இன்னும் சில பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க, அதான் உங்களுக்குன்னு எழுதினாலும் எல்லாரும் படிக்கட்டும்னு இங்க போடறேன். சித்தி கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க, அவங்க மூட்டு வலியும் நடுவுல வரும்.

நான் சொல்ல வர்றது இதான், ரோம்ல ரூமுக்கு காசு குடுக்காதீங்க, இடத்துக்கு குடுங்க. மதுரைல மீனாட்சியப் பார்க்கப் போறவங்க மாட்டுத்தாவணி தாண்டி பெரிய ஏசி ரூம் போட்டுட்டு ஒவ்வொரு தடவையும் ஆட்டோகாரர்கிட்ட பேரம் பேசி வர்றதுக்கும், சித்திரை வீதி பக்கத்துல ஒரு சின்ன லாட்ஜ்ல பைய போட்டுட்டு நினைச்சப்பல்லாம் கோயிலுக்குள்ள போய்ட்டு வர்றதுக்கும் என்ன வித்தியாசமோ அதேதான்.

ஆனா "சென்டர்ல இருக்கோம்"னு எல்லா ஹோட்டலும் போட்டுக்கும், அத நம்பாதீங்க. பழைய ரோமுக்கு ஒரு கோட்டைச் சுவர் இருக்கு, அவுரேலியன்ங்கற பேரரசர் கி.பி. 271ல கட்ட ஆரம்பிச்சது, ஏறக்குறைய 19 கிலோமீட்டர், இன்னைக்கும் பெரும்பகுதி அப்படியே நிக்குது. ஏர்போர்ட் டாக்ஸிக்கு ஃபிக்ஸட் ரேட் போடறதுக்குக்கூட அந்த ஊர்க்காரங்க இந்தச் சுவரத்தான் எல்லையா வெச்சிருக்காங்க. முதல்ல உங்க ஹோட்டல் இந்தச் சுவருக்கு உள்ள இருக்கான்னு பாருங்க. உள்ளயும் எல்லா இடமும் ஒண்ணு இல்ல. டெர்மினி ஸ்டேஷனைச் சுத்தி வாடகை கம்மி, ரெண்டு மெட்ரோ லைன் அங்க சேருது, ஏர்போர்ட் ட்ரெயினும் அங்கதான் வந்து நிக்கும். அந்த ஏரியா மோசம்னு சிலர் பயமுறுத்துவாங்க, அவ்ளோல்லாம் இல்ல, பைய முன்னாடி மாட்டிக்கிட்டா போதும். ஆனா அங்கேருந்து பாந்தியான்ங்கற பழைய ரோமானியக் கோயிலுக்கு நடந்தா அரை மணி நேரம், சித்தி நடைக்கு முக்கால் மணி. கொஞ்சம் கூட குடுக்க முடிஞ்சா பாந்தியான், அப்பறம் பியாஸ்ஸா நவோனா, காம்போ தே ஃபியோரின்னு ரெண்டு சதுக்கம், இந்த மூணுக்கும் நடுவுல பாருங்க. ரெண்டுக்கும் நடுத்தரமா வேணும்னா மோன்ட்டிங்கற ஏரியா, கொலோசியத்துக்குப் பக்கத்துல, கவூர்னு மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கு. நீங்க நவம்பர்ல போறதால ஏப்ரல் மே மாசத்து வாடகை இருக்காது, அந்த மிச்சத்த இதுல போடுங்க.

ஏன் இவ்ளோ அடிச்சு சொல்றேன்னா மத்தியானம். உங்க ரெண்டு பேருக்கும் சாப்பிட்டா ஒரு மணி நேரம் கண்ணசரணும், சித்திக்கு கால நீட்டிப் படுக்கணும், உங்களுக்கு சுகர், சொல்ல வேண்டியதில்ல, பாத்ரூம் பக்கத்துல இருக்கணும். ரோம் தெருவுல பொதுக் கழிப்பறை தேடினா லேசுல கிடைக்காது, பெரும்பாலும் ஏதாவது கடைல காபி வாங்கித்தான் உள்ள போகணும், அந்தக் காபி மறுபடி அடுத்த கடைக்குக் கூட்டிட்டுப் போகும். ஊருக்கு வெளிய ரூம் போட்டீங்கன்னா காலைல கிளம்பினா ராத்திரிதான் திரும்ப முடியும், நடுவுல படுக்க இடமே இல்ல, மூணாவது நாள் சித்தி நான் ரூம்லயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்கன்னு சொல்லிடுவாங்க. நவம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும், கொலோசியம் நாலரைக்கே மூடிடுவாங்க, அதுக்கப்பறம் பஸ்ஸும் ட்ரெயினும் மாறி இருட்டுல ஊருக்கு வெளிய போறது உங்களுக்குத் தேவையா?

நடுவுல தங்கினா கதையே வேற. ட்ரேவி ஃபவுண்டனுக்கு பகல்ல போனீங்கன்னா தண்ணி தெரியாது, தலைதான் தெரியும். காலைல ஆறரைக்கு ஸ்வெட்டர போட்டுட்டு நடந்து போங்க, தண்ணி விழற சத்தம் ரெண்டு தெரு முன்னாடியே கேக்கும். சித்தி தண்ணில காசு போடணும்னு நிப்பாங்க, போடட்டும், அந்தக் காசெல்லாம் கரிதாஸ்ங்கற கத்தோலிக்க தர்ம அமைப்புக்குத்தான் போகுது. மழை வந்தா எல்லாரும் ஒதுங்க இடம் தேடி ஓடுவாங்க, நீங்க குடைய எடுத்துட்டு பாந்தியானுக்கு நடங்க. 43 மீட்டர் உயரக் குவிமாடம், கம்பி இல்லாத வெறும் கான்கிரீட், கிட்டத்தட்ட 1900 வருஷமா நிக்குது, உச்சியில திறந்த ஓட்டை, அது வழியா மழை நேரா உள்ள விழும், தரையில இருக்கற பொடி ஓட்டைங்க வழியா வடிஞ்சுடும். ரிட்டயர்ட் பி.டபிள்யூ.டி. இன்ஜினியர் நீங்க அங்கேருந்து சீக்கிரம் வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இப்ப டிக்கெட் வெச்சிருக்காங்க, 2023ல ஆரம்பிச்சப்ப 5 யூரோ. ராத்திரி சாப்பிட்டு அப்படியே பியாஸ்ஸா நவோனாவுக்கு வாங்க, நடுவுல பெர்னினிங்கற சிற்பி 1651ல முடிச்ச நாலு நதி ஃபவுண்டன், டான்யூப், நைல், லா பிளாட்டா, நாலாவது நம்ம கங்கை! கங்காதேவி எல்லாம் இல்ல, தாடி வெச்ச ஒரு ஆம்பளை, கையில நீளமா துடுப்பு. சித்திகிட்ட சொல்லாம கூட்டிட்டுப் போய் எது கங்கைன்னு கேளுங்க, அவங்க இத படிக்காம இருந்தா.

சரி, ஹோட்டலுக்கு வரேன். நடுவுல இருக்கற பட்ஜெட் ஹோட்டல்னா தனிக் கட்டடம், கண்ணாடி வாசல், சல்யூட் அடிக்கற வாட்ச்மேன் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. பழைய காலத்து பெரிய கட்டடம், ஆளுயரம் ரெண்டு மடங்கு மரக்கதவு, பக்கத்துல பித்தளைத் தகட்டுல பட்டன் வரிசை, ஒண்ணு வக்கீல், ஒண்ணு பல் டாக்டர், மூணாவது மாடி உங்க ஹோட்டல். டாக்ஸிகாரர் இறக்கி விட்டுட்டுப் போனதும் ஹோட்டலே இல்லயேன்னு தெருவுல நின்னு முழிக்காதீங்க, அந்தத் தகட்டப் பாருங்க. சில இடத்துல ராத்திரி ரிசப்ஷன்ல ஆள் இருக்காது, எத்தனை மணிக்கு வருவோம்னு முன்னாடியே மெயில் போட்டுடணும்.

லிஃப்ட் இருந்தா மாடிப்படிக்கு நடுவுல இரும்புக் கூண்டு மாதிரி ஒண்ணு இருக்கும், ரெண்டு பேர் நிக்கலாம், பெட்டியோடன்னா ஒருத்தர்தான். வெளிக் கம்பிக்கதவு ஒண்ணு, உள்ள ரெட்டைக் கதவு, எல்லாத்தையும் கையால சாத்தினாதான் நகரும். மேல போய் இறங்கினவர் சரியா சாத்தாம போயிட்டார்னா நீங்க கீழ நின்னு பட்டன அமுக்கிட்டே இருக்க வேண்டியதுதான், யாராவது போய் சாத்தற வரைக்கும் வராது. சில கட்டடத்துல முதல் பத்து பன்னெண்டு படி ஏறின அப்பறம்தான் லிஃப்ட்டே ஆரம்பிக்கும். அதனால புக் பண்றதுக்கு முன்னாடி லிஃப்ட் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, தெரு மட்டத்துலேருந்து இருக்கா, எத்தனை படி ஏறணும்னு கேளுங்க. கூரை உயரமான கட்டடம், அங்க மூணு மாடின்னா நம்ம ஊர் அஞ்சு மாடிக்கு ஏறின மாதிரி மூச்சு வாங்கும்.

ரூம் சின்னதுதான், பெட்டிய திறந்து வெச்சா நடக்க வழி இருக்காது, ஒரு பெட்டிய திறந்து ஒரு பெட்டிய கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க. ஜன்னலுக்கு மரப்பலகைக் கதவு இருக்கும், அத சாத்தினா பகல்லயும் கும்மிருட்டு, மத்தியானத் தூக்கத்துக்கு ஜோர். பாத்ரூம்ல குளிக்கற இடத்துக்குப் பக்கத்துல சுவர்லேருந்து ஒரு கயிறு தொங்கும், லைட்டுக்குன்னு நினைச்சு இழுத்துடாதீங்க, அது அலாரம், உள்ள யாராவது வழுக்கி விழுந்தா கூப்பிடறதுக்கு. நான் தங்கினப்ப பக்கத்து ரூம்ல யாரோ இழுத்து வெச்சு ரிசப்ஷன் அம்மா செருப்பு தடதடக்க ஓடி வந்து கதவ இடிச்சாங்க, உள்ளேருந்து ஒரு ஆள் துண்டோட எட்டிப் பார்த்துட்டு ஒண்ணுமே புரியாம நின்னார். இன்னொண்ணு சித்திக்கு ரொம்பப் பிடிக்கும், பிடே. கழுவிக்கறதுக்குன்னு தனியா ஒரு பீங்கான் தொட்டி, குழாயோட. இத்தாலில 1975ல வந்த அரசாணைப்படி ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பாத்ரூம்லயாவது பிடே இருந்தே ஆகணும், அந்தப் பழக்கத்துல ஹோட்டல்லயும் பெரும்பாலும் இருக்கும். பேப்பர வெச்சு என்ன பண்றதுன்னு சித்தி பெட்டில ஒரு பிளாஸ்டிக் மக்க கூடவே தூக்கிட்டு அலைவாங்களே, அது இந்தத் தடவை வீட்டுலயே இருக்கட்டும்.

செக்-இன் பண்றப்ப பாஸ்போர்ட்ட வாங்குவாங்க, பதறாதீங்க, தங்கறவங்க விவரத்த 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்க்கு ஆன்லைன்ல அனுப்பணும்னு அங்க சட்டம், நகல் எடுத்துட்டு குடுத்துடுவாங்க. அப்பறம் வாடகைக்கு மேல சிட்டி டாக்ஸ்னு ஒண்ணு உண்டு, ரோம்ல 3 ஸ்டார் ஹோட்டல்னா ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 யூரோ, 2 ஸ்டார்னா 5, 1 ஸ்டார்னா 4. ரெண்டு பேர் 3 ஸ்டார்ல அஞ்சு ராத்திரின்னா 60 யூரோ, ஆன்லைன்ல காட்டற ரேட்ல பெரும்பாலும் இது சேந்திருக்காது, ஹோட்டல்லயே கட்டணும். ஏமாத்தறாங்கன்னு அங்க நின்னு சண்டை போட வேணாம், ரசீது மட்டும் வாங்கிக்கோங்க.

சத்தம்தான் நடு ஊரோட ஒரே தொல்லை. காம்போ தே ஃபியோரில காலைல மார்க்கெட், ராத்திரி பூரா பசங்க குடிச்சிட்டு கும்மாளம், நடுவுல ஜியோர்தானோ புரூனோங்கற தத்துவ ஞானியோட சிலை, 1600ல அவர உயிரோட எரிச்ச அதே இடத்துல, முக்காடு போட்டுக்கிட்டு எல்லாத்தையும் பார்த்துட்டு நிப்பார். பக்கத்துல ரூம் எடுத்தா தெருவப் பார்த்த ரூம் வேணாம், உள் முற்றத்தப் பார்த்த ரூம் குடுங்கன்னு எழுதிக் கேளுங்க, வ்யூ கிடையாது, எதிர் வீட்டுத் துணிக்கொடிதான் தெரியும், ஆனா தூக்கம் வரும். கன்னியாஸ்திரிங்க நடத்தற விடுதியும் நிறைய இருக்கு, சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம், வாடகையும் நியாயம், என்ன ஒண்ணு பல இடத்துல ராத்திரி பதினொண்ணு பன்னெண்டுக்கு வாசல பூட்டிடுவாங்க. ஒன்பதரைக்கு தூங்கற உங்களுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையா?

சாப்பாடு பத்தி தனியா பேசலாம், ஹோட்டல் பிரேக்ஃபாஸ்ட் சேர்த்து புக் பண்ணாதீங்க, இனிப்பு பன்னும் காபியும்தான் தருவாங்க, அது பக்கத்து கடைல நின்னுக்கிட்டே சாப்பிட்டா ரொம்ப கம்மி. உக்காந்தா ரேட் வேற, அதான் நின்னுக்கிட்டேன்னேன். பீட்ஸாவ எடை போட்டு வெட்டிக் குடுக்கற கடைங்க இருக்கு, சித்திக்கு சைவம் சுலபமா கிடைக்கும், உருளைக்கிழங்கு பீட்ஸா கேளுங்க. பச்சைமிளகாய் இல்லாம நாலு நாள் தாங்காதுன்னா டெர்மினி பக்கத்துல எஸ்க்விலினோ மார்க்கெட், பங்களாதேஷ்காரங்க கடைங்க, வெண்டைக்காயே கிடைக்கும்.

ஏர்போர்ட்லேருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ட்ரெயின் டெர்மினிக்கு 32 நிமிஷம், ஆளுக்கு 14 யூரோ. ஆனா ரெண்டு பேர், ரெண்டு பெட்டி, மூட்டு வலின்னா ஹோட்டல் வாசல் வரைக்கும் டாக்ஸியே எடுங்க, சுவருக்கு உள்ளன்னா மேல சொன்ன ஃபிக்ஸட் ரேட், வெள்ளை டாக்ஸி மட்டும், உள்ள வந்து டாக்ஸி டாக்ஸின்னு கூப்பிடறவங்க பின்னாடி போகாதீங்க. பெட்டிய இழுத்துட்டு நடக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, தெருவெல்லாம் சின்னச் சின்ன கருங்கல் பதிச்சிருக்கும், சக்கரம் ஓடாது, குதிக்கும். டெர்மினிலேருந்து வாட்டிகன் பக்கம் போற 64ம் நம்பர் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனது, அதுல ஏறினா பர்ஸ உள் பாக்கெட்ல வைங்க.

தண்ணி பாட்டில் வாங்க வேணாம். தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த் தூண் இருக்கும், 1874லேருந்து வெச்சது, ஊர் பூரா ஏறக்குறைய 2500, ஜில்லுனு தண்ணி ஓடிட்டே இருக்கும். மூக்கு மாதிரி வளைஞ்ச அந்தக் குழாயோட வாய விரலால அடைச்சீங்கன்னா மேல இருக்கற பொடி ஓட்டை வழியா பீச்சிட்டு வரும், சித்தி முட்டி மடக்காம நின்ன வாக்குலயே குடிக்கலாம்.

தேதி முடிவானதும் சொல்லுங்க, நானே மூணு நாலு ஹோட்டலுக்கு மெயில் போட்டு லிஃப்ட்டுக்கு எத்தனை படி, உள்பக்க ரூம் இருக்கா, ரெண்டையும் கேட்டு வைக்கறேன். பதில் ஒழுங்கா போடற ஹோட்டலா பார்த்து எடுத்துக்கலாம். தீபாவளிப் புடவைக்கு முன்னாடி சித்திக்கு நல்ல ரப்பர் அடி வெச்ச ஷூ வாங்கிக் குடுங்க, இப்பவே போட்டு மொட்டை மாடில நடந்து பழகட்டும்.

இப்படிக்கு,
உங்க அண்ணன் பொண்ணு