விக்கிப்பீடியாவில் தற்புகழ்ச்சியும் நாளிதழ்களின் பொறுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாகத் தன்னார்வத்தோடு எழுதியும் பிறர் எழுதியவற்றைத் திருத்தியும் வருபவன் நான். தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொள்ளும் கட்டுரைகளும், கட்டுரைகளின் அடியில் செருகப்படும் வணிக இணைப்புகளும் அங்கே பெருகிவருவதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இச்சிக்கல் வளர்வதிலும் தீர்வதிலும் தமிழ் நாளிதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புவதால்தான், விக்கிப்பீடியாவின் 'ஆலமரத்தடி' என்னும் பொது உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் ஊதியம் எதிர்பாராமல் எழுதுவோரின் உழைப்பால் இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. விளம்பரம் எதையும் ஏற்காமல் நன்கொடையால் இயங்கும் தளம் அது. யார் வேண்டுமானாலும் 'தொகு' என்ற பொத்தானை அழுத்தி எழுதலாம். எழுதியது அக்கணமே உலகுக்குத் தெரியும். இந்தத் திறந்த வாசல்தான் அதன் வலிமை. ஆனால், கூகுளில் ஒருவர் பெயரைத் தேடினால் பக்கத்தில் தோன்றும் பெட்டியில் பல வேளைகளில் விக்கிப்பீடியாவின் முதல் வரிகளே வருகின்றன என்பதும், மாணவர்களும் செய்தியாளர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்போரும் முதலில் அங்கேதான் போகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. அங்கே ஒரு பக்கம் இருந்தால் அதுவே ஒரு தகுதிச் சான்று என்ற எண்ணமும் கூடவே பரவிவிட்டது.

இத்தகைய கட்டுரைகள் எப்படி இருக்கும் என்பதற்கு, நீக்கலுக்கு முன்மொழியப்பட்ட ஒரு வாழ்க்கை வரலாற்றைச் சொல்கிறேன். அதை உருவாக்கிய கணக்கின் பெயரும் கட்டுரைக்கு உரியவரின் பெயரும் ஒன்றே. 'பன்முக ஆளுமை, சிந்தனையாளர், சமூகச் செயற்பாட்டாளர்' என்று தொடங்கிய அக்கட்டுரையில், பிறந்த ஆண்டுகூடத் தெளிவாக இல்லை. ஆனால் பெற்ற விருதுகளின் பட்டியல் மட்டும் ஒரு பக்கத்துக்கு நீண்டிருந்தது. மேற்கோள்கள் ஆறு. அவற்றில் ஒன்று அவருடைய முகநூல் பக்கம், மற்றொன்று அவரே நடத்தும் வலைப்பூ, அடுத்தது அவருடைய நூலை விற்கும் தளம், நான்காவது அவருடைய சொந்த யூடியூப் அலைவரிசையில் வந்த நேர்காணல். கடைசி இரண்டும் நாளிதழ்ச் செய்திகள் என்பதால் அவற்றை நம்பிக்கையோடு திறந்தோம். இரு வேறு நிறுவனங்களின் தளங்களில் ஒரே செய்தி, ஒரே புகைப்படத்தோடு, காற்புள்ளிகூட மாறாமல் வெளியாகியிருந்தது. அனுப்பிவைக்கப்பட்ட செய்திக்குறிப்பு அப்படியே அச்சேறியிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேறு சான்று தேவைப்படவில்லை.

ஒருவரைப் பற்றியோ ஒரு நிறுவனத்தைப் பற்றியோ கட்டுரை இருக்கலாமா என்பதை விக்கிப்பீடியா 'குறிப்பிடத்தக்கமை' என்ற அளவுகோலால் முடிவுசெய்கிறது. சம்பந்தப்பட்டவரோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க ஊடகங்களோ நூல்களோ அவரைப் பற்றிப் போதிய விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஒருவர் நல்லவரா, அவர் எழுதிய கவிதை சிறந்ததா என்று தீர்ப்புச் சொல்ல எந்தத் தொகுப்பாளருக்கும் உரிமை கிடையாது. நம்மைப் பற்றி நான்கு பேர் எழுதியிருக்கிறார்களா என்பது ஒன்றே கேள்வி. கட்டுரை நீக்கப்பட்டதும் 'என் வளர்ச்சி பிடிக்காதவர்கள் செய்த வேலை' என்று முகநூலில் பொங்குவோர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி மனக்கசப்பு தீரும்.

தன்னைப் பற்றித் தானே எழுதும் ஆசை சிறியவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் சொல்ல வரவில்லை. விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்சு 2005இல் தம்மைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் தாமே திருத்தங்கள் செய்தார். லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று குறிப்பிட்ட சொற்களை நீக்கியதும் அவற்றுள் அடங்கும். பக்க வரலாற்றில் ஒவ்வொரு மாற்றமும் நாள், நேரம், கணக்கு ஆகியவற்றோடு பதிவாவதால் அது வெளியே வந்தது. பின்னர் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். நிறுவனருக்கே விலக்கில்லாத இந்த வெளிப்படைத் தன்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இணைப்புகளின் கதை இதைவிட நுட்பமானது, தீங்கும் மிகுதி. சிறுநீரகக் கல், நீரிழிவு, மூட்டுவலி போன்ற கட்டுரைகளின் 'வெளி இணைப்புகள்' பகுதியில் ஏதோ ஒரு சிகிச்சை மையத்தின் முகவரியோ மருந்து விற்கும் கடையின் முகவரியோ திடீரென முளைக்கும். ஊர்க் கட்டுரைகளில் வீட்டுமனை விற்பனை, போட்டித் தேர்வுக் கட்டுரைகளில் பயிற்சி மையம். இவற்றை 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எவரும் எளிதில் கண்டுபிடித்து மீளமைத்துவிடுவர். கண்டுபிடிக்கக் கடினமானவை வேறு இரண்டு. ஏற்கெனவே உள்ள ஒரு மேற்கோளின் தலைப்பையும் நாளையும் தொடாமல், அதன் அடியிலுள்ள இணைய முகவரியை மட்டும் மாற்றிவிடுவது ஒன்று. படிப்பவர் கண்ணுக்கு அது பழைய நாளிதழ்ச் செய்தியாகவே தெரியும். சொடுக்கினால் வணிகத் தளத்துக்குப் போகும். மற்றொன்று, கைவிடப்பட்ட முகவரிகள். பள்ளியோ சிறு அமைப்போ புதுப்பிக்கத் தவறிய தளப் பெயரைச் சூதாட்டத் தளக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கட்டுரையில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் நேற்று வரை பள்ளியைக் காட்டிய இணைப்பு இன்று சூதாட்டத்தைக் காட்டுகிறது.

இவ்வாறு இணைப்பைச் செருகுவோரில் பலர், தேடுபொறியில் தம் தளம் மேலே ஏறும் என்று நம்பியே செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. தேடல் வரிசைக்குக் கணக்கில் கொள்ள வேண்டா என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' என்ற குறி 2005இல் அறிமுகமானது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளில் அது 2007 ஜனவரி முதல் சேர்க்கப்படுகிறது, தமிழிலும் அதுவே நடைமுறை. ஆகவே, தேடல் தர மேம்பாட்டுக்கென்று முகவர்களிடம் பணம் கொடுத்து விக்கிப்பீடியாவில் இணைப்புப் போடச் சொல்லும் தொழில்முனைவோர் பணத்தை வீணாக்குகிறார்கள். திரும்பத் திரும்பச் செருகப்படும் முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்க்கவும் வழி உண்டு. அதில் ஏறிவிட்ட தளத்துக்கு நியாயமான இடத்தில்கூட இணைப்புக் கொடுக்க முடியாது.

முகவர்கள் என்றதும் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2015 ஆகஸ்டு இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகள் ஒரே சமயத்தில் தடுக்கப்பட்டன. 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. 'ஆரஞ்சுமூடி' (Orangemoody) என்ற கணக்கின் பெயரால் அறியப்படும் அக்குழு, ஏற்கப்படாத வரைவுக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்குரிய வணிகர்களையும் கலைஞர்களையும் அணுகி, தாங்கள் விக்கிப்பீடியாவில் செல்வாக்குள்ள தொகுப்பாளர்கள் என்று சொல்லிக் கட்டுரையை வெளியிடப் பணம் வாங்கியது. வெளியான கட்டுரை நீக்கப்படாமல் காக்க மீண்டும் பணம் கேட்டது. தமிழ் எழுத்தாளர்களுக்கும் சிறுதொழில் நடத்துவோருக்கும் இப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் வந்தால் நம்ப வேண்டாம். கட்டுரை எழுதவோ காக்கவோ விக்கிப்பீடியா எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. பணம் பெற்று எழுதுவோர் யாருக்காக எழுதுகிறோம் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 ஜூன் முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளிலேயே உள்ளது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு தற்புகழ்ச்சிக் கட்டுரையை எழுத அரை மணி நேரம் போதும். அதன் ஒவ்வொரு மேற்கோளையும் திறந்து பார்த்து, எழுதியவருக்கு விளக்கம் எழுதி, உரையாடல் பக்கத்தில் வரும் கோபத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி, கடைசியில் நீக்குவதற்குள் ஒரு தன்னார்வலரின் மாலைப் பொழுது போய்விடும். ஆங்கிலத்தில் இதைச் செய்ய ஆயிரக்கணக்கானோர் உண்டு. தமிழில் தொடர்ந்து பங்களிப்போர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் அந்த மாலையில் தம் மாவட்டத்து ஏரியைப் பற்றியோ ஒரு பறவையைப் பற்றியோ எழுதியிருப்பார். அது எழுதப்படாமலே போகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுகள் நாதசுரம் வாசித்தவர், கைக்காசு போட்டுச் சிற்றிதழ் நடத்தியவர், பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே வட்டார வரலாற்றைத் தொகுத்தவர் போன்றோரைப் பற்றி யாரேனும் நேர்மையோடு எழுத முன்வந்தால், சான்று கிடைப்பதில்லை. சான்றில்லாத கட்டுரையும் தற்புகழ்ச்சிக் கட்டுரையும் ஒரே சல்லடையில்தான் சலிக்கப்படுகின்றன. விளம்பரக் கட்டுரைகள் மிகுந்தால் சல்லடையின் கண் சிறுக்கிறது. அதில் இவர்களும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். செய்திக்குறிப்பு எழுதி அனுப்பத் தெரிந்தவருக்கு இரண்டு மேற்கோள் கிடைக்கிறது, வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற நிலையைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

ஆகவே, தகுதியுள்ள ஒருவரின் குடும்பத்தாரோ மாணவர்களோ செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். நேரடியாகக் கட்டுரையில் எழுதாமல், உரையாடல் பக்கத்தில் தம் உறவைச் சொல்லி, சான்றுகளை அங்கே வைத்து, மற்றவர்களை எழுதச் சொல்லலாம். தாம் எடுத்த புகைப்படத்தை, எவரும் எடுத்தாள இசைவளிக்கும் கட்டற்ற உரிமத்தில், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றலாம். சான்று இணையத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1974இல் வந்த இதழின் நறுக்கு ஒன்று வீட்டுப் பெட்டியில் இருந்தால், இதழின் பெயர், நாள், பக்க எண் போதும். வெளி இணைப்பு என்பதே குற்றம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பழந்தமிழ் நூல் ஒன்றைப் பற்றிய கட்டுரையின் அடியில், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புக்கு இணைப்பு இருப்பதும், ஈழத்து இதழ் ஒன்றின் கட்டுரையில் நூலகம் தளத்தின் எண்ணிமப் படிக்கு இணைப்பு இருப்பதும் படிப்பவருக்குப் பேருதவி. கட்டுரையில் சொல்ல முடியாத எதை அந்த இணைப்பு வாசகருக்குக் கொடுக்கிறது என்று கேட்டுப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்.

இனி, தங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் வைக்கும் வேண்டுகோள். காசு வாங்கிச் செய்தி போடும் வழக்கத்தைப் பற்றி இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு 2010இல் விரிவான அறிக்கையே அளித்தது. அது பெரிதும் தேர்தல் காலத்தைப் பற்றிப் பேசியது; ஆனால் ஒரு பயிற்சி மையத்தின் ஆண்டு விழா பற்றிய செய்திக்குறிப்பு, செய்தியாளர் எவரும் விசாரிக்காமல் செய்தியாக வெளிவரும்போதும் வாசகர் அதே அளவுக்கு ஏமாற்றப்படுகிறார். அச்சிதழில் அது மறுநாள் மறந்துபோகும். விக்கிப்பீடியாவில் மேற்கோளாக ஏறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் சான்றாக நிற்கும். பெறப்பட்ட செய்திக்குறிப்பு எனில் 'செய்திக்குறிப்பு' என்றும், விளம்பரம் எனில் 'விளம்பரம்' என்றும், அச்சில் மட்டுமின்றி இணையப் பதிப்பிலும் தெளிவாகக் குறிக்க வேண்டும். நூல் மதிப்புரைக்கும் வட்டாரக் கலைஞர்களைப் பற்றிய நேரடிக் கட்டுரைகளுக்கும் வாரம் அரைப் பக்கமாவது ஒதுக்கினால், கலைக்களஞ்சியத்தில் இடம்பெற வேண்டியவர்களுக்கு உங்கள் நாளிதழே சான்றாக அமையும். மறைந்தவரைப் பற்றி எழுதும்போது விக்கிப்பீடியாவிலிருந்து வரிகளை எடுத்தால், எங்கிருந்து எடுத்தது என்பதைச் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் அந்தச் செய்தியே பிறகு விக்கிப்பீடியாவுக்குச் சான்றாகத் திரும்பி வந்து, யாரோ சரிபாராமல் எழுதிய ஒரு வரி உண்மையாகிவிடுகிறது.

கடைசியாக, உங்கள் தொழில்நுட்பப் பிரிவினருக்கும் ஒன்று. தமிழ் நாளிதழ்த் தளங்கள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழைய செய்திகளின் முகவரிகள் செயலிழந்துபோகின்றன. நல்ல கட்டுரைகளின் மேற்கோள்கள் அத்தனையும் ஒரே நாளில் வெறும் பிழைப் பக்கத்தைக் காட்டத் தொடங்குகின்றன; நான் மேலே சொன்ன முகவரி மாற்றும் வேலைக்கு வசதியாக அமைவதும் இத்தகைய செத்த இணைப்புகள்தாம், ஏனெனில் அவற்றை 'சரிசெய்தேன்' என்ற குறிப்போடு எவரும் மாற்றிவிடலாம். தளத்தை அடுத்த முறை மாற்றியமைக்கும்போது பழைய முகவரியைச் சொடுக்குபவர் அதே செய்தியின் புதிய முகவரிக்குப் போய்ச் சேரும்படி வழிமாற்று அமைத்துத் தருமாறும், பழைய செய்திகளின் காப்பகத்தை நாள் வாரியாகத் தேடக்கூடிய வகையில் பொதுமக்களுக்குத் திறந்து வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ் விக்கிப்பீடியா பயனர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.