அதிமதுரம் பார்சலில் இருக்கிறது

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே சோழவந்தானில் எல்லாரும் சௌக்கியம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மேலக்கால் அத்தை வீட்டோடு பழையபடி பேச்சுவார்த்தை கிடையாது, அதை விடு.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பொங்கலுக்கு அப்புறம் நீ போனில் பேசியது மூன்று தடவை, எண்ணி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் "கிளாஸ்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று மெசேஜ்தான். அந்த அப்புறம் வரவே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு சனி ஞாயிறு ராத்திரியில் ஓட்டலில் நின்று பாடுகிறவளுக்கு அப்பாவிடம் பேச எங்கே தெம்பு இருக்கும்? ஆனாலும் முன்பெல்லாம் வாய்ஸ் மெசேஜாவது போடுவாய், பாத்திரம் கழுவிக்கொண்டே, பாதி பாட்டும் பாதி பேச்சுமாக. உங்கம்மா அதை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்பாள். இப்போது அதுவும் இல்லை.

அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு மூன்றும் பார்சலில் வைத்திருக்கிறேன். அதிமதுரத்தை ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் போதும். ஐஸ் தண்ணீர் குடிக்காதே. வெந்நீர் குடி.

போன வாரம் ஒரு மத்தியானம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். திருமங்கலம் மாமா மகன் வந்து உன் புது வீடியோவை எடுத்துக் கொடுத்தான். போனில் கேட்டால் எனக்குத் திருப்தியாக இருக்காது, உனக்குத் தெரியும். பெரிய ஆம்ப்ளிபையரில் மாட்டி, நல்ல பெட்டியில் வைத்துக் கேட்டேன். அப்புறம் அதே பாட்டை நீ போன வருஷம் பாடியதையும் போட்டுப் பார்த்தேன். கீபோர்டு வாடகைக்குப் போகாமல் கடையிலேயே கிடந்ததா, சும்மா தட்டிப் பார்த்தேன். ஒரு கட்டை இறக்கியிருக்கிறாய். சரி, பாடுகிறவளுக்குத் தெரியும் எந்தச் சுருதி சௌகரியம் என்று.

சத்தமாகப் பாடுகிற இடமெல்லாம் பிரமாதம். கடைப் பையன் எழுந்து நின்றுவிட்டான். நான் இந்த மைக் செட் தொழிலில் 38 வருஷம் இருக்கிறேன், பாப்பா. ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அந்தக் காயில், உரச ஆரம்பித்தால், வால்யூமை ஏற்றி வைத்திருக்கும்வரை ஒருத்தனுக்கும் தெரியாது, கல்யாண வீடே ஆடிக்கொண்டிருக்கும். பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் மெதுவாக ஒரு பழைய பாட்டைப் போடுவோம் பார், அப்போதுதான் உள்ளே மணல் கிடக்கிற மாதிரி கரகரவென்று கேட்கும். அந்தக் கரகரப்பை நான் ரோட்டில் போகும்போதே கண்டுபிடித்துவிடுவேன், அடுத்தவன் செட்டாக இருந்தாலும். நீ மெதுவாக மேலே போகிற இடத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

வீடியோவில் அந்தப் பச்சைச் சட்டை உனக்கு நன்றாக இருந்தது.

நம் பின்தெரு டீச்சருக்குப் போன வருஷம் தொண்டையில் காய்ப்பு மாதிரி வந்ததை உன்னிடம் சொன்னேனா? ஏர் பிடிக்கிறவனுக்கு உள்ளங்கையில் காய்ப்பது மாதிரி, கத்திக் கத்திப் பாடம் நடத்தினால் தொண்டை நாணிலேயே காய்த்துவிடுமாம். அந்தம்மா ஆறு மாசம் யாரிடமும் சொல்லாமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறது. கடைசியில் மதுரைக்குப் போய்க் காட்டியதற்கு டாக்டர் கத்தியே வைக்கவில்லை. பேச்சைக் குறைக்கச் சொல்லி, எப்படிப் பேசவேண்டும் என்று ஒருத்தரை வைத்துப் பயிற்சி கொடுத்தே சரியாக்கிவிட்டார்கள். கிசுகிசுவென்று ரகசியம் மாதிரி பேசுவதும் ஆகாதாம், அதுவும் தொண்டைக்குப் பாரம்தானாம். சும்மா ஊர்ச் செய்தி சொன்னேன்.

சாதாரணமாகப் பேசும்போதே பெண்பிள்ளைத் தொண்டையில் நாண் இரண்டும் நொடிக்கு 200 தடவை மோதிக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். அன்றைக்கு நானும் உங்கம்மாவும் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். பிள்ளைகளை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டுக் குமிழி விட்டபடி பாட வைப்பாயே, தொண்டைக்கு நோகாமல் குரல் வர. பொங்கலுக்கு வந்தபோது விடிகாலையில் பின்கட்டில் நின்று நீயே அப்படி ஊதிக்கொண்டிருந்தாய். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிதானே என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாய். மூன்று நாளும் காலையில் ஊதினாய்.

மைக் செட்காரன் இல்லாமல் எங்கள் பாட்டே கிடையாதுப்பா என்று நீ சொன்னதை இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்னே கடைசி வரிசைக்குக் கேட்க உரக்கப் பாடித்தான் ஆகவேண்டும், 1925 வாக்கில் ரெக்கார்டு எடுக்கவும் மைக் வந்த பிறகுதான் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே மாதிரி சின்னக் குரல்காரி காதோடு பேசுவதுபோலப் பாட முடிந்தது என்றாய். அந்தம்மா 1958இல், 42 வயதில், குரல் கிழிந்த பிறகு வயலின்களை வைத்துக்கொண்டு பாடிய ரெக்கார்டையும் நீதான் போட்டுக் காட்டினாய். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்காக அந்தம்மாவை உனக்கு உதாரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அடுத்த வருஷமே 44 வயதில் போய்விட்டது. நீ உன் உடம்பைப் பார்.

எனக்குப் பிடித்தது இன்னொரு ஜாஸ் பாடகி, எல்லா பிட்ஸ்ஜெரால்டுதான். நம் மதுரை அனுமந்தராயன் கோயில் தெருவில் எம்.எஸ். பிறந்தது 1916, எல்லா அமெரிக்காவில் பிறந்தது 1917. ஒரு வருஷம்தான் வித்தியாசம் என்று நான் சொன்னதற்கு நீ சிரித்தாய். 17 வயதில் ஆடப்போகிறேன் என்று நியூயார்க் அப்பல்லோ தியேட்டர் மேடைக்குப் போய், முன்னால் ஆடினவர்களைப் பார்த்துக் கால் நடுங்கிப்போய்ப் பாடிவிட்டு வந்ததுதானே அது. 1960இல் பெர்லினில் பாதிப் பாட்டில் வரி மறந்துபோய், நிறுத்தாமல் கைக்கு வந்ததைப் போட்டுப் பாடி, அதற்கே பரிசும் வாங்கியது. வார்த்தை இல்லாமல் வெறும் சத்தத்தையே அடுக்கி அது பாடுகிறதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மதுரை மணி அய்யரின் சுரம்தான் ஞாபகம் வரும்.

கொடைக்கானல் பங்களா சாமான்களோடு வந்த அந்த ஜாஸ் பாட்டு நீல டேப் இப்போதும் மேசை டிராயரில் இருக்கிறது. அதை நான் ஏன் தூக்கிப் போடவில்லை என்று உங்கம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சொந்தக்காரர்களிடம் நீ பாட்டு டீச்சர் என்று மட்டும்தான் இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறேன். ஓட்டலில் பாடுவதைச் சொன்னதில்லை. அதில் உனக்கு என்மேல் கோபம், நியாயம்தான். நீயும் இரண்டு வைகாசியாகத் திருவிழாவுக்கு வரவில்லை, அதுவும் நியாயமா என்று நீயே சொல்.

திருவிழா என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ பத்தாவது படித்த வருஷம், ஜெனகை மாரியம்மன் திருவிழாவில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வண்டி வர நேரமாகி, உன்னை மேடையில் ஏற்றிவிட்டார்களே. முதலில் அம்மன் பாட்டுப் பாடினாய். கைதட்டினார்கள். அந்தத் தைரியத்தில் நீல டேப்பில் கேட்டதை ஆரம்பித்தாய், வார்த்தை இல்லாமல், டபடபவென்று. முன்வரிசையில் ஒருத்தர் சிரித்தார், அப்புறம் பத்துப் பேர். கமிட்டிப் பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். கரண்ட் போய்விட்டது என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். கரண்ட் போகவில்லை பாப்பா. சீரியல் லைட்டெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. உன் மைக்கின் வால்யூமை என் கையால் கீழே இறக்கினேன். அந்தக் கறுப்புக் குமிழ் சூடாக இருந்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது.

நீ நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, மைக் இல்லாமலே, கடைசி வரிசைக்குக் கேட்கட்டும் என்று முடியும் மட்டும் பாடினாய். நான் ஏதோ வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். லைட் எரிந்ததை நீ பார்த்திருப்பாய். பார்த்தும் கேட்கவில்லை. வீடியோவில் மேலே போகிற இடத்தில் அதே நரம்பு புடைக்கிறது. அன்றைக்கு நான் பண்ணின வேலைதானோ என்று போன வாரம் முழுக்க ராத்திரித் தூக்கமில்லை. உங்கம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

பார்சலில் மருந்துச் சாமான்களுக்குக் கீழே துணி சுற்றி ஒரு சின்ன ஆம்ப்ளிபையர் இருக்கும். இடுப்பில் கட்டிக்கொள்கிறது, மைக் வாய்க்கு முன்னால் நிற்கும், டூரிஸ்ட் கைடுகள் மாட்டியிருப்பார்களே, அது. வகுப்பில் மாட்டிக்கொள். பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டும்போது உரக்கப் பாடாதே, மெதுவாகப் பாடு, மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கம்பெனியிலிருந்து வந்த காயில் எனக்குப் பிடிக்கவில்லை, வேறு மாற்றியிருக்கிறேன். ராத்திரி சார்ஜ் போட்டுவிடு. வெந்நீர் குடி. டாக்டரிடம் போவதாக இருந்தால் ஒரு மெசேஜ் போடு, நான் முந்தின ராத்திரி பஸ் ஏறிவிடுவேன், கடையைப் பையன் பார்த்துக்கொள்வான்.

பார்சல் வருகிற பஸ் மாட்டுத்தாவணியில் ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்புகிறது, விடிகாலை பெங்களூரு மடிவாளாவில் நிற்கும். ரசீதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிட்டேன். டிரைவரிடம் அதைக் காட்டினால் கொடுத்துவிடுவார். நீ ஒன்றும் பேசவேண்டியதில்லை.

அப்பா