டல்லஸ் டூ: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

ஸ்காட்லாந்தில் ஃபாரஸ் ஊருக்குத் தெற்கே இருக்கும் டல்லஸ் டூ விஸ்கி ஆலையின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். அதில் என் பெயர் மட்டும் இருப்பது நியாயமில்லை. அதனால்தான் இந்த மடல்.

அபர்டீனிலிருந்து சலிக்காமல் காரில் அழைத்துப்போன அண்ணனுக்கும், புளிச்சோறு கட்டிக்கொடுத்த அண்ணிக்கும் முதல் நன்றி. அடுத்து, பழைய செய்தித்தாள்களைப் பொறுமையாக எடுத்துத் தந்த எல்ஜின் நூலக அம்மையாருக்கு. 1898 டிசம்பரில் எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தின் பாட்டிசன் என்ற விஸ்கி நிறுவனம் திவாலாகி, விஸ்கித் தொழிலே ஆட்டங்கண்டது. அந்த நேரத்தில், 1899இல், இந்த ஆலை உற்பத்தியைத் தொடங்கியது எத்தனை பெரிய துணிச்சல் என்று அந்தத் தாள்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது. 1939இல், சாராயம் காய்ச்சும் செம்புக் கொப்பரைகள் இருந்த கூடம் தீக்கிரையானது. போரெல்லாம் முடிந்து 1947இல்தான் மறுபடி காய்ச்சினார்கள்.

ஒரு காலத்தில் வேறோர் ஆலையில் கொப்பரை வேலை பார்த்த பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வேன்? பித்தளைச் சட்டமும் கண்ணாடியும் பூட்டுமாக நிற்கும், காய்ச்சிய சாராயம் வழிந்தோடும் ‘ஸ்பிரிட் சேஃப்’ என்ற பெட்டியின் முன்னால் என்னை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் சாவி கலால் அதிகாரியிடம் இருந்தது. காய்ச்சுபவர் ஒரு சொட்டைக்கூடத் தொட முடிந்ததில்லை, வாயில் வைத்துப் பார்க்கவும் முடிந்ததில்லை. முதலில் வரும் சாராயத்தில் தண்ணீர் கலந்தால் கலங்கும். கலங்காமல் தெளிந்து நிற்கும் நேரம் பார்த்து, வெளியிலுள்ள கைப்பிடியைத் திருப்பி, நடுவில் வருவதை மட்டும் தனியே பிடிக்க வேண்டும். எல்லாமே கண்ணாடி வழியே, கண்ணளவில்! எத்தனை வருடங்கள் என்றாலும் புத்தகத்திலிருந்து இதை நான் கற்றிருக்க மாட்டேன்.

1980களின் தொடக்கத்தில் கிடங்குகளில் விஸ்கி தேங்கிப்போக, 1983இல் டிசிஎல் (டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட்) என்ற பெரிய விஸ்கி நிறுவனம் தன் பல ஆலைகளை ஒரே வீச்சில் மூடியது. போர்ட் எலன், பிரோரா, கூடவே டல்லஸ் டூ. இங்கே கடைசிப் பீப்பாய் நிரம்பியது அந்த மார்ச்சில். அதே ஆண்டு மூடிய இன்வர்னெஸ்ஸின் கிளென் ஆல்பினும் கிளென் மோரும் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இன்று கடைகள் நிற்கின்றன. டல்லஸ் டூவையோ 1988இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். செம்புக் கொப்பரை இரண்டையும், மரத்தொட்டிகளையும், உலைக்கூடத்தின் கோபுரக் கூரையையும் பெயர்த்தெறியாமல் காத்தவர்களுக்கு நான் மட்டுமல்ல, இந்தத் தொழிலைப் படிக்கும் எல்லோருமே கடன்பட்டவர்கள்.

பிரதிகள் இந்த வாரமே தபாலில் வரும். கொப்பரை வேலை சொல்லித்தந்த ஐயா, உங்கள் பிரதியில் அந்தப் பெட்டியைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்திருக்கிறேன். தவறு ஏதும் கண்ணில் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த அச்சில் திருத்திவிடுகிறேன்.

மிக்க நன்றியுடன்.